கடற்கரை ஊரில் வெள்ளி நகை செய்யப் பழகுதல்: மெட்டி முதல் சங்கு மோதிரம் வரை

வெள்ளி நகை செய்யப் பழக வருகிறவர்கள் முதல் நாள் கருவிகளைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்தச் சுத்தியல் வாங்கலாம், எந்தக் குறடு நல்லது, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று. கருவிகள் சில வாரங்களில் கைக்குப் பழகிவிடும். மாதக்கணக்கில் பழக வேண்டியது சூடு பார்ப்பதுதான். உலோகங்களிலேயே சூட்டை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. ஓர் ஓரத்தில் தீ காட்டினால் அந்தச் சூட்டை மறு ஓரம் இழுத்துக்கொள்ளும். நகைக்கு எடுக்கும், செம்பு கலந்த 925 வெள்ளி 800 பாகை செல்சியஸைத் தாண்டியதும் இளகத் தொடங்கி, 900-ஐ எட்டும்போது முழுக்க உருகிவிடும். இரண்டு துண்டை இணைத்துப் பற்றவைக்கிற பொடி உருகி ஓடுவதோ ஏறக்குறைய 700-லிருந்து 780 பாகைக்குள். இந்தச் சிறிய இடைவெளிக்குள் தீயை நிறுத்தத் தெரிந்தவரே வெள்ளி வேலை தெரிந்தவர்.

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி என்று ராமநாதபுரம் கரையில் எந்த ஊரில் உட்கார்ந்து பழகினாலும் இதோடு இன்னும் மூன்று சேர்ந்துகொள்ளும்: காற்று, உப்பு, உவர்த்தண்ணீர். வெளியூர் வகுப்புக் காணொளிகளில் இவற்றைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியோடும் நம் கரைக்கு வேண்டியதைச் சேர்த்தே சொல்கிறேன்.

வகுப்பில் சேரும் முன்

பழகுவதற்குச் சிறந்த இடம் இன்றும் ஒரு பத்தரின் பட்டறைதான். ராமநாதபுரம், கீழக்கரை கடைத்தெருக்களில் கையால் வேலை செய்கிற பத்தர்கள் இருக்கிறார்கள். ரெடிமேட் நகை வந்த பிறகு பலருக்கு வேலை குறைந்துவிட்டது. மரியாதையாகக் கேட்டால் சொல்லித்தரத் தயாராக இருப்பவர்களும் உண்டு. தனியாக வகுப்பு நடத்துகிறவர்களிடம் போனால் இரண்டு கேள்வி கேளுங்கள். தீயை நாமே பிடிக்கலாமா, ஆசிரியர் ஊதிக் காட்டுவதோடு (தீ காட்டிப் பற்றவைப்பதைத்தான் ஊதுவது என்பார்கள்) சரியா? வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, வேலை முடிந்ததும் எடை போட்டு வாங்குவார்களா?

முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அந்த வகுப்பு வேண்டாம். இரண்டாவது, ஏமாறாமல் இருப்பதற்கான கேள்வி அல்ல. வேலை தொடங்கும்போது 10 கிராம், முடிந்த நகை 8.6 கிராம், வெட்டுத்துண்டு 0.9 கிராம், அரப்பொடி 0.3 கிராம் என்று எழுதி வைத்தால் மீதி எங்கே போனது என்று தெரியும். கடைக்காரர் பில்லில் போடுகிற சேதாரம் என்னவென்பது அன்றைக்குத்தான் உண்மையாகப் புரியும்.

வெள்ளியும் கருவியும்

சுத்த வெள்ளி மிகவும் மென்மையானது. மோதிரமாகப் போட்டால் வளைந்துபோகும். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி 75 பங்கு செம்பு என்று கலந்தால் உறுதி வரும். அதுதான் 925. பழைய கொலுசையும் அரைஞாண் கொடியையும் உருக்கிப் பழகலாம் என்று வீட்டில் சொல்வார்கள். தொடக்கத்தில் அது வேண்டாம். அதில் எவ்வளவு செம்பு, எந்தப் பொடி கலந்திருக்கிறது என்று தெரியாது. சூடு பார்க்கப் பழகும்போது உலோகம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். கம்பியாகவும் தகடாகவும் 925-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பி, 0.8 மில்லிமீட்டர் தகடு போதும். கூடவே இவற்றில் பாதி விலைகூட இல்லாத செம்புத் தகடும் கம்பியும் கட்டாயம் வாங்குங்கள்.

கருவிகளில் முதலில் வேண்டியவை: தகடு அறுக்கும் சா ஃப்ரேமும் 2/0 அல்லது 3/0 அளவு பிளேடும், தட்டை அரமும் அரைவட்ட அரமும், பல்லில்லாத இரண்டு குறடு, கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), சின்னச் சுத்தியல், இரும்புக் கட்டை, மோதிரம் வளைக்க நுனி சிறுத்த இரும்புக் கோல், இடுக்கி, கேஸ் டார்ச். கம்பியச்சு, உருட்டு மெஷின், பாலிஷ் மோட்டார் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரும்புக் கருவியை இரவு வெளியே வைத்துவிட்டுப் போனால் விடியும்போது துரு பூத்திருக்கும். நம் ஊரில் இது மிகைப்படுத்திச் சொல்வதில்லை. வேலை முடிந்ததும் சுத்தியல் முகத்தையும் குறடுகளையும் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மூடி உள்ள டப்பாவில் போடுங்கள். அரத்தில் எண்ணெய் படக்கூடாது, வழுக்கும். அதைச் சாக்பீஸ் துண்டோடு தனியாகச் சுற்றி வையுங்கள். ஈரத்தைச் சாக்பீஸ் இழுத்துக்கொள்ளும். சுத்தியல் முகத்தில் ஒரு துருப்புள்ளி இருந்தாலும் அது அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் வெள்ளியில் பதியும்.

தீ வைக்கும் இடம்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஊதவே முடியாது. தீ நாக்கு சாயும், ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஆறும், பொடி பாதியில் நின்றுவிடும். அதற்காகக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு வேலை செய்வதும் கூடாது. புகை வெளியேற வழி வேண்டும். மூன்று பக்கம் நெருப்புச்செங்கல் அடுக்கி, திறந்த பக்கத்தை உங்களைப் பார்த்து வையுங்கள். காற்று வரும் திசைக்கு முதுகுச் சுவர். வெளிச்சம் மங்கலாக இருப்பது நல்லது. வெயில் நேராக விழும் இடத்தில் வெள்ளி சிவப்பதே கண்ணுக்குத் தெரியாது, தெரியும்போது உருகியிருக்கும்.

செங்கல்லின் நடுவில் ஒரு கரித்துண்டு. இந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. சீமைக்கருவேலக் கரி இங்கிருந்துதான் லாரி லாரியாக வெளியூர் போகிறது. வெடிப்பில்லாத தடித்த துண்டாகத் தேர்ந்தெடுத்து, சிமெண்ட் தரையில் தேய்த்து ஒரு முகத்தைச் சமமாக்கி, இரும்புக் கம்பியால் இரண்டு சுற்றுக் கட்டுங்கள். வெள்ளி வைக்கும் முன் வெறும் கரியை மெதுவாகக் காய்ச்சி ஈரத்தைப் போக்குங்கள். ஈரக்கரி வெடித்துத் தெறிக்கும். கரி சூட்டைத் திருப்பிக் கொடுப்பதோடு, சுற்றியுள்ள பிராணவாயுவையும் தின்றுவிடும்; அதனால் வெள்ளி மேல் கறுப்பு குறைவாகவே படியும்.

பாலியெஸ்டர் துப்பட்டா, நைலான் சேலை கட்டிக்கொண்டு தீயருகில் உட்காராதீர்கள். பருத்தி ஆடை, கட்டிய முடி, கண்ணாடி. சிலிண்டர் குழாயை ஒவ்வொரு நாளும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். உப்புக்காற்றில் ரெகுலேட்டர் கிளிப்பு சீக்கிரம் அரித்துப்போகிறது.

செம்பில் அறுத்துப் பழகுங்கள்

பிளேடின் பல் கைப்பிடியைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இறுக்கிய பிளேடை நகத்தால் சுண்டினால் கம்பி நாதம் கேட்கும். மந்தமாகக் கேட்டால் இன்னும் இறுக்குங்கள். அறுக்கும் வேலை கீழே இழுக்கும்போதுதான் நடக்கிறது. மேலே போகும்போது சும்மா போகட்டும். தகட்டின் தடிப்புக்குள் எப்போதும் மூன்று பல்லாவது இருக்கும்படி பிளேடைத் தேர்ந்தெடுத்தால் சிக்காது. தேன்மெழுகில் பிளேடை ஒரு தடவை இழுத்துவிட்டால் சுகமாக ஓடும்.

வளைவு வரும் இடத்தில் பிளேடைத் திருகாதீர்கள். நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு தகட்டை மெதுவாகத் திருப்புங்கள். பிளேடு ஒடிவது எல்லாருக்கும் நடக்கும். டஜன் கணக்கில்தான் வாங்க வேண்டும். நேர்கோடு, வட்டம், மாங்காய் இந்த மூன்றையும் கோட்டின் மேலேயே அறுக்க வந்துவிட்டால் செம்பை ஓரம் வைக்கலாம்.

காய்ச்சி இளக்குதல்

அடிக்க அடிக்க, வளைக்க வளைக்க வெள்ளி விறைக்கும். அதற்கு மேலும் அடித்தால் வெடிக்கும். விறைத்ததும் காய்ச்சி இளக்க வேண்டும். 925-க்கு அந்தச் சூடு 600-லிருந்து 650 பாகை; மங்கிய வெளிச்சத்தில் லேசான சிவப்பு தலைகாட்டும் நேரம். தொடக்கத்தில் அது பிடிபடாது. மார்க்கர் பேனாவால் வெள்ளியில் ஒரு கோடு போட்டுவிட்டுக் காய்ச்சுங்கள். கோடு மறையும்போது சூடு போதும் என்று அர்த்தம்.

"தம்பி, தீயப் பாக்காத, வெள்ளியப் பாரு" என்று பத்தர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்த ஒரு வரிக்குள் பாதி வகுப்பு இருக்கிறது. தீயைத் துண்டு முழுக்க ஓடவிட்டுக்கொண்டே இருங்கள். ஓரிடத்தில் நிறுத்தினால் அந்த இடம் மட்டும் வழிந்துவிடும். சிவப்பு அடங்கியதும் தண்ணீரில் போடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து உவர்நீரில் போட்ட வெள்ளியில் உப்புத் திட்டு காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அடுத்து பொடி வைக்கும்போது அந்த இடத்தில் ஓடாது. காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு குண்டான் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

முதல் நகை: மெட்டி

பல வகுப்புகளில் முதலில் மோதிரம் செய்யச் சொல்கிறார்கள். நான் மெட்டியைத்தான் சொல்வேன். வாய் திறந்த மெட்டிக்குப் பொடி வைக்க வேண்டியதில்லை, அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் சரிசெய்யலாம், வெள்ளியில்தான் போடுவார்கள், வீட்டில் ஒருவர் விரலில் மறுநாளே ஏறிவிடும்.

கால் விரலை மாலையில் அளந்துகொள்ளுங்கள். பகலெல்லாம் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். நூலைச் சுற்றி வந்த நீளத்தில் 3 மில்லிமீட்டர் குறைத்துக் கம்பியை அறுங்கள். இரண்டு முனையையும் அராவி உருட்டிவிடுங்கள். கூர்முனை இருந்தால் பக்கத்து விரலைக் கீறும். கம்பியைக் காய்ச்சி இளக்கி, இரும்புக் கட்டையில் வைத்துச் சுத்தியலின் உருண்டை முகத்தால் வரிசையாகத் தட்டுங்கள். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் ஓரத்தில் விழட்டும். மேல்முகம் முழுக்கக் குழிகுழியாக, வெளிச்சம் பட்டால் மினுக்கும். தட்டும்போது கம்பி நீளும். அதைத் திரும்ப அளந்து வெட்டுங்கள்.

பிறகு கோலில் வைத்துக் கொட்டாப்புளியால் வளையுங்கள். இரும்புச் சுத்தியலால் வளைத்தால் தட்டிய அழகெல்லாம் போய்விடும். வளைத்த பிறகு காய்ச்சக்கூடாது. தட்டியதால் வந்த விறைப்புதான் மெட்டியைப் பிடிப்பாக விரலில் நிறுத்துகிறது. இளக்கிவிட்டால் இரண்டே நாளில் வாய் அகன்று கழன்றுபோகும். போடும்போதும் கழற்றும்போதும் அடிக்கடி நெளித்தால் நடுவில் முறியும் என்பதையும் போடுகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

பொடி வைத்து ஊதுதல்

இதுதான் கைவேலையின் நடுநாயகம். மோதிரத்துக்கு வேண்டிய நீளத்தைக் கணக்குப் போட, உள்விட்டத்தோடு கம்பியின் தடிப்பைக் கூட்டி 3.14-ஆல் பெருக்குங்கள். உள்விட்டம் 17 மில்லிமீட்டர், தடிப்பு 1.5 என்றால் 58 மில்லிமீட்டர். வளைத்து இரண்டு முனையையும் சேருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இடுக்கில் ஒளி தெரியக்கூடாது. பொடி இடைவெளியை நிரப்பாது, ஒட்டியிருக்கும் இரண்டு முகத்துக்கு நடுவே ஊர்ந்து மட்டுமே போகும். பொடி பிடிக்கவில்லை என்று வகுப்பில் வரும் புகார்களில் பெரும்பாலானவை சரியாகப் பொருத்தாததால் வருபவை.

வெண்காரத்தை (போராக்ஸ்) தண்ணீர் விட்டுக் கல்லில் உரைத்தால் பால் மாதிரி வரும். அதை இணைப்பின் மேல் தடவுங்கள். ஹார்ட், மீடியம், ஈஸி என்று மூன்று பக்குவத்தில் பொடி கிடைக்கும். ஹார்ட் அதிகச் சூட்டில் ஓடும், ஈஸி குறைந்த சூட்டில். கேட்மியம் கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். தங்கத்தில் கேடிஎம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே கேட்மியம்தான். அது 767 பாகையிலேயே ஆவியாகி நுரையீரலுக்குள் போகும்.

கடுகளவு துண்டை இணைப்பின் மேல் வைத்து, முதலில் தூரத்திலிருந்து தீ காட்டுங்கள். வெண்காரம் அப்பளம் பொரிவது போல் புடைத்து எழும். பொடித்துண்டு நகர்ந்தால் கம்பிக்குச்சியால் மெல்லத் திருப்பி வையுங்கள். புடைப்பு அடங்கி, வெண்காரம் கண்ணாடியாகத் தெளிந்த பிறகே தீயை நெருக்க வேண்டும். அப்போதும் இணைப்பைக் குறிவைக்காதீர்கள். மோதிரத்தின் பின்பக்கத்தைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சி, மொத்த மோதிரமும் மங்கிய சிவப்புக்கு வந்ததும் இணைப்புக்கு வாருங்கள். வெள்ளி கோடு ஒன்று இடுக்கில் பளிச்சென்று ஓடும். ஓடியதும் தீயை எடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு நொடி சேர்த்துக் காட்டலாமே என்று தோன்றும், அந்த ஒரு நொடியில்தான் மோதிரம் உருகுகிறது. பொடி எப்போதும் சூடு அதிகமான பக்கம் நோக்கி ஓடும். ஒரு முனையில் மட்டும் ஏறிவிட்டால் மறு முனை காயவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

கறுப்பு எடுத்தல்

ஊதி முடித்த வெள்ளி கறுத்திருக்கும். அது 925-இல் உள்ள செம்பு காற்றோடு சேர்ந்து எழுந்த மேற்பூச்சு. பட்டறைகளில் கந்தக அமிலம் வைத்திருப்பார்கள். வீட்டில் பழகுகிறவர்களுக்குப் படிக்காரத் தண்ணீரோ எலுமிச்சை உப்புக் கரைசலோ போதும்; வெதுவெதுப்பாக வைத்தால் வேகமாக வேலை செய்யும். அமிலம்தான் என்றால் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. இரும்பு இடுக்கியை உள்ளே விடாதீர்கள். கரைசலில் இறங்கியிருக்கும் செம்பு வெள்ளி மேல் ஏறி எல்லாம் சிவந்துபோகும். மூங்கில் குச்சியோ செம்புக் கம்பியோ போதும். மூன்று நான்கு தடவை காய்ச்சிக் காய்ச்சி இப்படி எடுத்தால் மேற்பரப்பில் செம்பு குறைந்து பால்வெள்ளை நிறம் வரும்.

அராவுதல், மெருகு

மடியில் தோலோ தடித்த துணியோ விரித்துக்கொண்டு அராவுங்கள். விழும் பொடி முழுவதும் வெள்ளி. அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். பிறகு 400, 600, 800, 1200 என்று உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். ஒரு தாளுக்கு ஒரு திசை, அடுத்த தாளுக்குக் குறுக்குத் திசை. முந்தைய கோடு மறையும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். கடைசியில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் வரும் மெருகு, மோட்டார் பாலிஷைவிட எனக்குப் பிடிக்கும். தட்டிய குழிகளின் கூர்மை அதில் மழுங்குவதில்லை.

சங்கு பதித்த மோதிரம்

இந்தக் கரையில் வெள்ளி வேலை பழகுகிறவருக்குக் கல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. கீழக்கரை, ராமேசுவரம் பக்கம் தலைமுறைகளாகச் சங்கு குளிக்கிறார்கள். இங்கிருந்து போன சங்குதான் வங்காளத்து மணப்பெண்களின் வளையலானது. வைகை முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானியக் காசுகளோடு சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. கடையில் விற்கிற சங்கின் உடைந்த துண்டே மோதிரத்துக்குப் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பவளப்பாறைத் துண்டை, கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும், எடுத்துவந்து பதிக்காதீர்கள். பவளமும் கடற்குதிரையும் கடல்விசிறியும் சில சிப்பி வகைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. பவளத்தை வைத்திருப்பதே குற்றம். அதைவிட, அந்தப் பாறைகளை நம்பித்தான் நம் மீன்வளமே இருக்கிறது.

சங்கை அறுப்பதும் தேய்ப்பதும் தண்ணீருக்குள் நடக்கட்டும், முகக்கவசத்தோடு. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. 3 மில்லிமீட்டர் தடிப்பில் மேல்முகம் லேசாகக் குவிந்த முட்டை வடிவமாக்குங்கள். 0.3 மில்லிமீட்டர் சுத்த வெள்ளிப் பட்டையை அதைச் சுற்றி அளந்து, ஹார்ட் பொடியால் இணையுங்கள். அந்தக் கூட்டைத் தகட்டின் மேல் மீடியம் பொடியால் பற்றவையுங்கள். பிறகு ஈஸி பொடியால் மோதிர வளையத்தில். இந்த வரிசை மாறினால் மூன்றாவது ஊதலில் முதல் இணைப்பு பிரிந்துவிடும்.

எல்லா ஊதலும், கறுப்பு எடுப்பதும், மெருகும் முடிந்த பிறகே சங்கை வைக்க வேண்டும். சங்கு சுண்ணாம்புப் பொருள். தீயில் வெடிக்கும், அமிலத்தில் கரையும். வைத்துப் பார்க்கும்போது அடியில் ஒரு நூலைக் குறுக்கே போட்டுக்கொள்ளுங்கள். சிக்கிக்கொண்டால் நூலை இழுத்தால் மேலே வந்துவிடும். பிறகு பட்டையை மேலே, கீழே, இடம், வலம் என்று எதிரெதிராக அழுத்தி மடியுங்கள். ஒரே பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்தால் கடைசியில் மிச்சப் பட்டை மடிப்பாக எழுந்து நிற்கும்.

கறுக்காமல் வைத்தல், விற்றல்

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். கருவாடு காயும் முற்றத்திலும், மீன் ஏலக்கூடத்துப் பக்கத்திலும் வெளிப்படும் வாசத்தில் அது உண்டு. முடித்த நகையை ஜிப் கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒரு சாக்பீஸ் துண்டோடு வையுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், அதிலும் கந்தகம் இருக்கிறது. கறுத்துவிட்டால் அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டு ஒரு நிமிடம் வைத்தால் போகும். சங்கு பதித்ததை மட்டும் அதில் போடாமல் துணியால் துடையுங்கள்.

விற்க எண்ணினால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரும் ஹால்மார்க் முத்திரையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கு அது இன்னும் கட்டாயமில்லை, விருப்பத்தின் பேரில்தான். 2025 செப்டம்பர் 1 முதல் முத்திரை வாங்கும் வெள்ளி நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியான அடையாளக் குறியீடு, போடுகிறார்கள். பிஐஎஸ்ஸில் பதிவு செய்த நகைக்காரர்தான் ஹால்மார்க் மையத்தில் கொடுத்து முத்திரை வாங்க முடியும். பதிவு செய்யும்வரை நீங்களாக 925 என்று குத்திக் கொடுக்காதீர்கள். வெள்ளி வாங்கிய பில்லின் நகலையும், நகையின் எடையையும், செய்கூலியையும் தனித்தனியே எழுதி வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.